ஐம்பத்தெட்டுக் கடைகளின் பெயர் காத்தவருக்கு

குற்றத்தின் வேரைக் கூர்ந்து தேடிய கூர்மதியீர், சட்டத்தின் சொல்லைச் சாமானியர் செவியில் சேர்த்த சான்றோரே, கடல் கடந்த கல்விக்கூடங்களோடு கைகோத்தபோதும் கடைவீதியின் கையை விட்டுவிடாத கண்ணியரே, எங்கள் குற்றவியல் துறைத் தலைவர் முனைவர் சண்முகவடிவு அம்மையீர், வணக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். யாரைப் பற்றி எழுதினாலும் அவரிடம் வாசித்துக் காட்டாமல் வெளியே விடக்கூடாது என்பது துறையில் நீங்கள் போட்ட சட்டம். அதன்படி இம்மடலையும் உங்களிடம் காட்டினோம். நான்கு அடைமொழிகள் அடிபட்டுத் திரும்பின. ‘ஞானச் சுடர்’ என்ற இடத்தில் சிவப்பு மையில் ‘ஆதாரம்?’ என்று இருந்தது. தேடினோம். கிடைத்தது. அதுதான் இனி வருவது.

முப்பத்தோர் ஆண்டுப் பணி இன்று நிறைகிறது. பூதப்பாண்டிப் பக்கத்து வயற்கரைக் கிராமத்திலிருந்து நாகர்கோவிலில் பேருந்து மாறி, குழித்துறையில் இறங்கி, முதல் மணிக்கு முன்பே வகுப்பில் நின்றவர் நீங்கள். குற்றவியல் நடைமுறையை நீங்கள் கரும்பலகையில் மட்டும் நடத்தவில்லை. மாணவரை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போய்க் கடைசி இருக்கையில் உட்கார வைத்தீர்கள். “தீர்ப்பை நாளைக்குப் பேப்பர்ல படிச்சிக்கிடலாம். கேக்குறவன் முகத்த இப்பம் பாரு” என்பீர்கள். அந்த முகங்களைப் பார்த்தவர்கள் இன்று வழக்கறிஞர்களாக, காவல் ஆய்வாளர்களாக, சிறை நலப் பணியாளர்களாக இவ்வரங்கில் அமர்ந்திருக்கிறார்கள். எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல முடியும். எண்ணிக்கையைக் காட்டிப் பெருமை பேசினால் அதற்கும் சிவப்பு மை விழும்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் நார்வே நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. கண்காணிப்புக் கேமராவின் கீழ் சிறுவணிகர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று மூன்று நாடுகளில் ஒரே நேரத்தில் ஆராய வேண்டும். நார்வே, கென்யா, நாம். இத்தனை பெரிய கூட்டாய்வில் இத்தனை சிறிய கல்லூரியா என்று மாவட்டத்தில் சிலர் புருவம் உயர்த்தினார்கள். நீங்கள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினீர்கள். குழித்துறைப் பாலத்துக்கும் களியக்காவிளை எல்லைக்கும் இடையே ஐம்பத்தெட்டுக் கடைகள். ஒவ்வொருவரிடமும் ஒரே வாக்குறுதி: உங்கள் பெயர் வெளியே வராது.

வாக்குறுதி கொடுப்பது எளிது. அந்த வியாழக்கிழமை வராதிருந்தால் நாங்களும் அப்படித்தான் நினைத்திருப்போம்.

மறுநாள் பிற்பகல் ஒன்றரை மணிக்குள் முழுத் தரவும் நார்வேக்குப் போயாக வேண்டும். போனால் அது உலகத்தார் யாரும் திறந்து பார்க்கக்கூடிய இணையக் காப்பகத்தில் ஏறும். நம் ஆய்வு மாணவி ரெனிஷா அங்கே ஓராண்டு படிக்கும் வாய்ப்பும் அந்தத் தேதியோடு கட்டப்பட்டிருந்தது. ஐம்பத்துமூன்று பேரிடம், அவரவர் சொன்னதை எழுதிய தாளைத் திருப்பி வாசித்துக் காட்டியாகிவிட்டது. மீதி ஐந்து. உதவிப் பேராசிரியர் வினோஜையும் ரெனிஷாவையும் அழைத்துக்கொண்டு ஆட்டோவில் கிளம்பினீர்கள். நான்கு பேர் கேட்டுத் தலையசைத்தார்கள். ஐந்தாவது கடை.

அது என்ன கடை என்று எழுத மாட்டோம். கடைக்காரர் ஆணா பெண்ணா என்றும் எழுத மாட்டோம். கட்டட உரிமையாளர் வாசலில் ஒரு கேமராவை உள்முகமாகத் திருப்பி வைத்திருந்தார். யார் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று வீட்டிலிருந்தே கைபேசியில் பார்த்துவிட்டு விசாரிப்பார். இதை அந்தக் கடைக்காரர் நம்மிடம் மனம்விட்டுச் சொல்லியிருந்தார். இதே நிலையில் இன்னும் பதினாறு கடைகள் இருப்பதால்தான் இவ்வளவையும் எழுத உங்கள் அனுமதி கிடைத்தது. சொன்னவர் இன்னார் என்று உரிமையாளருக்குத் தெரிந்தால் அடுத்த மாதம் அந்தக் கடை இருக்காது.

நீங்கள் தாளை வாசித்து முடித்தீர்கள். பெயர் இல்லை. தொலைபேசி எண் இல்லை. வயது, தொழில், வசிப்பிடம் மட்டும்.

“டீச்சரே, எனக்க பேரப் போட மாட்டியன்னு சொன்னிய.”

“போடலியே.”

“விளைக்க பேரப் போட்டிருக்கியளே. எங்க விளையில ஒரே வீடு. அதுல கடை வச்சிருக்கது ஒரே ஆளு. இனி எனக்க போட்டோவயும் பக்கத்துல ஒட்டிருங்க. பாக்க நல்லா இருக்கும்.”

வினோஜ் கையிலிருந்த பேனா மூடி கீழே விழுந்ததை எடுக்க யாரும் குனியவில்லை.

மேற்கே எங்கள் குழித்துறைப் பக்கம் தெரு என்பது அரிது. ஒவ்வொரு வீடும் தன் தோட்டத்துக்குள் தனியே நிற்கும். அந்தத் தோட்டத்தைத்தான் விளை என்போம்; ஒவ்வொரு விளைக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் தபால்காரருக்கு ஆளின் பெயரே தேவையில்லை. ‘வசிப்பிடம்’ என்ற பத்தியைப் படிவத்தில் வரைந்தவர் நீங்கள். தெருவும் வரிசை வீடுகளுமான வயற்கரையில் வளர்ந்த உங்களுக்கு விளை என்பது வெறும் இடம். அதை நிரப்பிய நாங்களோ விளையிலேயே பிறந்தவர்கள். தினமும் சொல்லிச் சொல்லி, அது எங்கள் கண்ணிலேயே படவில்லை. ஐம்பத்தெட்டுத் தாள்களிலும் பெயரை நீக்கிவிட்டு ஆளை அப்படியே விட்டுவைத்திருந்தோம்.

அலுவலகக் கண்காணிப்பாளர் மரியஜான் அன்று மாலை சொன்னதை அவர் சம்மதத்தோடு இங்கே வைக்கிறோம். “நாளைக்கு அனுப்பிருவோம் மேடம், பொறவு திருத்திக்கிடலாம். நார்வேல யாருக்கு நம்ம விளை தெரியப் போவுது?”

“நார்வேக்காரனுக்குத் தெரியாது மரியஜான். இங்க உள்ளவனுக்குத் தெரியுமே. அதப் பாக்க அவன் கப்பலேறியா போகணும்? கையில போன் இருக்கு.”

அறுபது தாள்கள்கூட இல்லையே, அன்றைக்கே அடித்து அனுப்பியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. விளைப் பெயர் ஒரு பத்தியில் மட்டும் இருந்தால் அடிக்கலாம். பேச்சுக்கு நடுவிலும் மக்கள் விளையைச் சொல்லித்தானே பேசியிருந்தார்கள். ஒவ்வொரு ஒலிப்பதிவையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். திருத்தியதை ஒவ்வொருவரிடமும் மறுபடி வாசித்தாக வேண்டும். மாதங்கள் ஆகும்.

பயண வாய்ப்பு கைநழுவப் போவது ரெனிஷாவுக்கு. அவர் பக்கம் திரும்பினீர்கள்.

“மக்கா, விமானம் அடுத்த வருசமும் பறக்கும். அவிய கடை போச்சுன்னா திரும்பக் கிட்டாது.”

“தெரியும் மேடம். ஆனா அம்மைட்ட நீங்கதான் வந்து சொல்லணும்.”

போனீர்கள். சொன்னீர்கள். அந்த வீட்டில் என்ன பேசப்பட்டது என்று இருவருமே எங்களிடம் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்றரை மணிக்குத் தரவு போகவில்லை. உங்கள் கடிதம் போனது. அதன் முதல் வரி, “தவறு என்னுடையது.” படிவம் மூன்று நாட்டுக்கும் பொதுவானது, நிரப்பியவர்கள் நாங்கள் என்று எத்தனையோ சாக்குகள் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தன. ஒன்றையும் நீங்கள் தொடவில்லை.

பதினொரு நாள் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள் நார்வே பேராசிரியர் இங்ரித் எழுதினார். அவர் நாட்டில் பல குடும்பங்களின் பெயர் பழைய பண்ணைகளின் பெயர்தானாம். “என் பெயரின் பின்பாதியும் ஒரு பண்ணைதான். எங்கள் மலைப்பக்கத்தில் அதைச் சொன்னால் என் தாத்தாவின் முகம் வரை சொல்லிவிடுவார்கள். அந்தப் பத்தியைத் தாண்டி நூறு முறை போயிருப்பேன். எனக்கும் உறைக்கவில்லை.” மூன்று நாட்டுப் படிவங்களிலிருந்தும் ‘வசிப்பிடம்’ நீங்கியது. கென்ய நண்பர்களும் தங்கள் தாள்களைத் திரும்ப எடுத்து வாசிக்கத் தொடங்கினார்கள்.

இதற்கு நாம் கொடுத்ததையும் மறைக்க வேண்டாம். ஆய்வு ஓராண்டு தாமதமானது. அதற்குள் வேறொரு குழு அதே முடிவை வெளியிட்டுவிட்டது. முதலில் சொன்னவர்கள் என்ற பெயர் நமக்கில்லை. ரெனிஷா ஓராண்டு கழித்தே விமானம் ஏறினார். இன்றைய விழாவுக்கு அங்கிருந்து அவர் அனுப்பிய வாழ்த்தில் ஒரே வரி: “மேடம், இங்கே என்னை எல்லாரும் ‘வாசித்துக் காட்டச் சொல்லும் பெண்’ என்று கூப்பிடுகிறார்கள்.”

அறிவுக்கு எல்லை இல்லை என்று மேடைதோறும் பேசுகிறோம். அறிவு தேடுகிறவருக்கு ஓர் எல்லை உண்டு, அது எதிரே உட்கார்ந்து பேசுகிறவரின் வாசற்படி என்று எங்களுக்கு நடந்து காட்டியவர் நீங்கள். கேமராவைப் பற்றி ஆராயப் போனவர்கள் தாங்களே இன்னொரு கேமராவாகிவிடக்கூடும் என்பதை எந்தப் பாடநூலும் எங்களுக்கு இவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. ‘ஞானச் சுடர்’ அடிபட்டபடியே இருக்கட்டும். ஆதாரம் மட்டும் சட்டமிட்டுச் சுவரில் தொங்கட்டும்.

இனி வரும் காலைகளில் பேருந்துக்கு ஓடாத நிதானம் உங்களுக்கு வாய்க்கட்டும். கால் வலிக்காத நடையும், கண் கூசாத வாசிப்பும், சிவப்பு மை தேவைப்படாத பிற்பகல்களும் நெடுங்காலம் நிறையட்டும். வயற்கரை வீட்டில் நல்லுடலோடும் நன்மனத்தோடும் நீங்கள் நிறைவாழ்வு வாழ, துறையோர் அனைவரும் நெஞ்சார வாழ்த்துகிறோம்.

கடைசியாக ஒன்று. அந்த ஐந்தாவது கடைக்காரரிடம் சென்ற வாரம் போய், அவரைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டினோம்.

“இதுல எனக்க விளை உண்டுமா?”

“இல்லை.”

“அப்ப மேடையில வாசிங்க. நானும் வாறேன்.”

கடை இன்றும் இருக்கிறது. வந்திருக்கிறார் அம்மையீர், இதே அரங்கில் அமர்ந்திருக்கிறார். எந்த வரிசையில் என்று சொல்ல மாட்டோம்.

என்றும் உங்கள் அன்பில்,
குற்றவியல் துறை ஆசிரியர்கள், அலுவலர்கள், ஆய்வு மாணவர்கள்

(வாசித்துக் காட்டப்பட்டு, சம்மதம் பெற்று, பெயர் மட்டும் எழுதிக் கையொப்பமிட்டோர்: வினோஜ், மரியஜான், சுயம்புராஜ், சபிதா, ஆபேல். விளைப் பெயர்கள் விடப்பட்டுள்ளன.)