ஆற்றில் போட்ட முடிச்சு

ஆற்றில் காசு போடுகிறவர்களை நான் மதித்ததே இல்லை, இன்ஸ்பெக்டர். பஸ் சேரன்மகாதேவிப் பாலம் ஏறியதும் ஜன்னல் வழியே வீசிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். வீட்டு வேலைக்காரிக்கு நாலணா கூட்டிக் கொடுக்க மனசு வராது.

அந்தக் காசையெல்லாம் முங்கி எடுத்துப் பிழைத்தவன் தளவாய். கறுத்துப்போன காசை எவன் வாங்குவான்? படித்துறைக்கு எதிரே என் பலசரக்குக் கடையில்தான் நோட்டாக மாற்றிக்கொண்டு போவான். நூற்றுக்கு இருபது பிடித்துக்கொள்வேன். புளி போட்டுத் தேய்க்க வேண்டாமா? சில்லறைத் தட்டுப்பாட்டில் கண்டக்டர்கள் அதே காசை மேலே பத்து கொடுத்து வாங்கிப்போனது என் சாமர்த்தியம்.

ஒருநாள் கடை நிறைய ஆள் நிற்கும்போது வந்து கேட்டான்.

"பேங்க்ல புதங்கிழமை சில்லறை வாங்குதாவ அண்ணாச்சி. கழுவிக் கொண்டுபோனா ஒத்தப் பைசா பிடிக்கதில்ல. நீங்க எதுக்குப் பிடிக்கிய?"

அதோடு விட்டானா? பூக்காரிகளையும் படித்துறைப் பிச்சைக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பேங்குக்குப் போனான். கைநாட்டுப் பேர்வழி, ஊருக்கு வழிகாட்டி. மிச்சம் பிடித்து மகளைப் பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறானாம். கைவிட்டுப்போன வருமானத்துக்காக நான் வருந்தவில்லை. அன்று கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள், அதுதான் உறுத்தியது.

கார்த்திகையில் ஆறு கலங்கி ஓடியது. பாலத்தின் நடுத்தூண் அடியில் பழைய கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதை எனக்குச் சொன்னவனே அவன்தான். அங்கே மட்டும் இறங்க மாட்டான். ஆனால் மஞ்சள் துணியில் முடிந்த நேர்த்திக்காசு விழுந்தால் அவனுக்கு இருப்புக் கொள்ளாது. முடிச்சில்தான் காசு நிறைய இருக்கும். பாலத்தின் மேலே நின்று அவன் பார்க்கும்படி ஒரு முடிச்சைக் குலுக்கிக் காட்டி, நேரே அந்த இடத்தில் போட்டேன்.

"அங்கன கம்பி கெடக்கே அண்ணாச்சி," என்றான் கீழேயிருந்து.

"பயமா இருந்தா விடுலே. ஒம்மக படிப்புக்கு ஆவுமேன்னு பாத்தேன்," என்றேன்.

முங்கினான். நான் கடைக்குத் திரும்பிவிட்டேன். வியாபார நேரம்.

நேர்த்திக்கடன் செலுத்துவது குற்றமா என்று நேற்று உங்களைக் கேட்டேன். இன்று, கம்பியில் சிக்கிச் செத்தவன் கைக்குள் இருந்த முடிச்சை அவிழ்த்து மேசையில் கொட்டியிருக்கிறீர்கள். ஆமாம், எல்லாம் இரும்பு வாஷர். பக்கத்துச் சைக்கிள் கடையில் சும்மா கேட்டு வாங்கியது. அவன் மேலே வரக்கூடாது என்றுதான் போட்டேன், எழுதிக்கொள்ளுங்கள்.

நல்ல காசை ஆற்றில் போட நான் என்ன கிறுக்கனா?