ஒரே பேரில் இருபத்தைந்து பேர்

மாமனார்: ...இல்லம்மா, இப்பல்லாம் எவன் சொந்தமா பேசறான்? காலையில கண்ணு முழிச்சா ஒரு பூ படம், அதுக்குக் கீழ எவனோ சொன்ன ரெண்டு வரி. அதை அனுப்பிட்டுத் திரும்பிப் படுத்துக்கறான். 'ராத்திரி தூங்கினியா'ன்னு கேக்க ஒரு நாதியில்ல.

மருமகள்: மாமா, கையை நிறுத்தாம பேசுங்க. மணி மூணரை. ஆஸ்பத்திரி ஹெட் சிஸ்டர் இப்ப வந்துடுவாங்க. அஞ்சு மணிக்கு விழா.

மாமனார்: யாரு நிறுத்தினா? இது நூத்தித் தொண்ணூத்தாறு. இன்னும் நாலு புத்தகம் ஓரம் வெட்டினா முடிஞ்சுது. அதுக்கில்ல... டாக்டர் இருபத்தஞ்சு வருசம் வேலை பாத்தார்னா ஒரு நல்ல வாட்சு வாங்கிக் குடுக்கலாம். அவர் பேரையே வெச்சிருந்த அறிஞருங்களைத் தேடிப் பிடிச்சு, அவங்க சொன்னதைப் புத்தகமாப் போட்டு... யாரும்மா இதெல்லாம் கேட்டா?

மருமகள்: எவ்வளவு புதுசா யோசிச்சிருக்காங்க பாருங்க. வருசத்துக்கு ஒண்ணா இருபத்தஞ்சு பொன்மொழி, இருபத்தஞ்சு பேர், அத்தனை பேருக்கும் டாக்டர் பேரு. ஒருத்தர் நட்சத்திரத்தை ஆராய்ஞ்சவர், ஒருத்தர் கணக்கு மேதை, ஒருத்தர் ஜெயில்ல இருந்துக்கிட்டே எழுதினவர்... தேடத் தேட எனக்குத் தூக்கமே வரல.

மாமனார்: எனக்கும் அதே பேருதான். நான் என்னத்தைக் கிழிச்சேன்?

மருமகள்: பேப்பரைத்தான். அம்பது வருசமா.

மாமனார்: சிரிக்காத. சின்ன வயசுல எங்க தெருவுல மட்டும் அந்தப் பேருல மூணு பேர். ஒருத்தன் குடிகாரன். ஒருத்தன் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஓடிப் போனவன். அவங்க சொன்னதையும் சேத்துக்க வேண்டியதுதானே.

மருமகள்: கேட்டா சேத்துக்கிறேன்.

மாமனார்: அது சரி, போன வாரம் இருபத்துநாலுதான் தேறுதுன்னு தலையில கை வெச்சிட்டு உக்காந்திருந்தியே. இன்னொரு ஆளு கிடைச்சுட்டாரா?

மருமகள்: கி... கிடைச்சுட்டார்.

மாமனார்: எந்த ஊரு?

மருமகள்: நல்ல ஊருதான். நீங்க வெட்டுங்க மாமா. இந்த வேலை அவங்களுக்குப் பிடிச்சுட்டா மருந்துச் சீட்டு, ரிப்போர்ட் கவர்னு ஆஸ்பத்திரி அச்சு வேலை மொத்தமும் வருசம் முழுக்க நமக்குத்தானாம். பிரஸ் தொறந்து மூணு மாசமா விசிட்டிங் கார்டுதான் அடிச்சிட்டிருக்கேன். அதனால அவங்க முன்னாடி மட்டும் கொஞ்சம் வாயை...

மாமனார்: நான் எதுக்குப் பேசறேன்? அஞ்சாங்கிளாஸைத் தாண்டாதவன்.

ஹெட் சிஸ்டர்: என்னம்மா, ரெடியா? கார் வெளிய நிக்குது... அடடா, அட்டையே அசத்துதே. யாரு, இவர்தான் பைண்டரா?

மருமகள்: எங்க மாமனார் சிஸ்டர். உக்காருங்க.

ஹெட் சிஸ்டர்: உக்கார நேரமில்ல. முதல்ல பொன்மொழியை எண்ணிடறேன்... இருபத்துமூணு, இருபத்துநாலு, இருபத்தஞ்சு. அப்பாடா. எங்க ஒண்ணு குறைஞ்சுடுமோன்னு பயந்துக்கிட்டே வந்தேன். இரு... இது என்னது, பதினேழாம் பக்கம்? கேளேன். 'ஆறுதல் சொல்ல வருகிறவர் முதலில் உட்கார வேண்டும். நின்றுகொண்டே சொன்னால் அது வெறும் தகவல்.'

மருமகள்: சிஸ்டர், அடுத்த பக்கம் பாருங்களேன்.

ஹெட் சிஸ்டர்: எங்க டாக்டரேதான் இது. வார்டுக்குள்ள நுழைஞ்சா முதல்ல ஸ்டூலைத்தான் தேடுவார். எவ்வளவு அவசரம்னாலும் உக்காந்துதான் விசயத்தைச் சொல்லுவார். இத்தனை வருசமா அந்த ஸ்டூலைத் தூக்கிக் குடுத்தவ நான். உடம்பே சிலிர்க்குது. மேடையில இதைத்தான் படிக்கப் போறேன்.

மாமனார்: அது வேண்டாம்மா. வேற ஏதாவது படிங்க.

ஹெட் சிஸ்டர்: ஏன்?

மாமனார்: ஏதோ எரிச்சல்ல சொன்ன மாதிரி இருக்கு.

மருமகள்: மாமா, நீங்க... அந்த நாலு புத்தகம்...

ஹெட் சிஸ்டர்: கீழ 'கைத்தொழில் அறிஞர்'னு போட்டிருக்கே, இவர் எந்த நாடு? எந்தக் காலம்? டாக்டர் கண்டிப்பா கேப்பார். தெரியாததைத் தெரியும்னு சொன்னா அவருக்கு ஆகவே ஆகாது.

மருமகள்: அவர்... ரொம்பப் பழைய ஆளு.

மாமனார்: ரொம்பல்லாம் இல்ல.

ஹெட் சிஸ்டர்: அப்போ உயிரோட இருக்காரா?

மாமனார்: இன்னிய தேதி வரைக்கும்.

ஹெட் சிஸ்டர்: அட, அப்போ போன் போட்டு விழாவுக்கே கூப்பிடலாமே. நம்பர் குடு.

மருமகள்: அவர்... போனை எடுக்கவே மாட்டார் சிஸ்டர்.

மாமனார்: அது மட்டும் நெஜம்.

ஹெட் சிஸ்டர்: ரெண்டு பேரும் என்கிட்ட என்ன விளையாடறீங்க?

மருமகள்: சிஸ்டர்... அது இவர் சொன்னது. போன வருசம் கண் ஆபரேஷன் முடிஞ்சு படுத்திருந்தப்போ எங்க வீட்டுக்காரர் வாசப்படியில நின்னுக்கிட்டே 'எல்லாம் சரியாயிடும்ப்பா'ன்னுட்டு ஆபீஸுக்குக் கிளம்பிட்டார். அதுக்கு இவர் திட்டினது. அச்சடிக்க வேண்டிய மேட்டர் வராத பக்கத்துல, அளவு பாக்கறதுக்காக வாய்க்கு வந்ததை அடிச்சு நிரப்பி வெக்கிறது என் பழக்கம். இதை அடிச்சு வெச்சேன். இருபத்தஞ்சாவது ஆளு கடைசி வரைக்கும் கிடைக்கல... இதை எடுக்கவும் மனசு வரல. பேரும் அதே பேரு. 'அறிஞர்'னு சேத்தது மட்டும் என் திருட்டுத்தனம்.

ஹெட் சிஸ்டர்: இருநூறு புத்தகத்துலயும் இதேதானா?

மருமகள்: வேணும்னா அந்தத் தாளை உருவிடறேன்.

ஹெட் சிஸ்டர்: உருவினா இருபத்துநாலாயிடும். சும்மா இரு, யோசிக்க விடு... ஒண்ணு செய். அந்த 'கைத்தொழில் அறிஞர்' மேல ஒரு சின்னச் சீட்டு ஒட்டு. 'பைண்டர்'னு போடு. டாக்டர் பேருள்ள ஒரு பைண்டர் சொன்னார்னு மேடையில சொல்லிடறேன். அதுல பொய் இல்லையே. இருநூறு சீட்டு, நாலே முக்காலுக்குள்ள ஆகுமா?

மருமகள்: ஆகும் சிஸ்டர், இதோ அடிக்கிறேன். அப்புறம்... அந்த வருச வேலை...

ஹெட் சிஸ்டர்: சீட்டு நேரா ஒட்டியிருக்கான்னு பாத்துட்டுச் சொல்றேன். பெரியவரே, நீங்களும் வாங்க. முன் வரிசையில நாற்காலி போடச் சொல்றேன்.

மாமனார்: வரல. சிடுமூஞ்சி சொன்னதுக்கெல்லாம் கை தட்டற கூட்டத்தை நான் நம்ப மாட்டேன்.

மருமகள்: எங்க மாமா எழுந்துட்டீங்க? கோவமா? கேக்காம போட்டது தப்புதான்... ஆனா இருநூறையும் மடிச்சுத் தைச்சது நீங்கதானே. அந்தப் பக்கம் ஒரு தடவைகூடவா கண்ணுல படல?

மாமனார்: முதல் புத்தகத்துலயே பட்டுது. உருவிப் போடத்தான் கையை வெச்சேன்... அதே எழுத்துன்னாலும் இருபத்துநாலு பக்கத்துல வேற எவன் பேரோ இருந்துச்சு. அந்த ஒரு பக்கத்துலதான் என் பேரு இருந்துச்சு. வாயை மூடிக்கிட்டு மத்த நூத்தித் தொண்ணூத்தொம்பதையும் தைச்சேன், போதுமா? இப்பவும் சொல்றேன், இந்தப் புத்தகம் வெட்டி வேலை. நகரு... பசை டப்பா உள் ரூம்ல இருக்கு.