அம்மன் முற்றத்து மண்

இந்த ஸ்டேஷன் சாயாவில் இஞ்சி கொஞ்சம் தூக்கல், சார். எனக்கு அப்படித்தான் பிடிக்கும். என் பெண்சாதி லீலாபாயும் அப்படித்தான் போடுவாள். நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் நிதானமாகவே சொல்கிறேன்.

என் பெயர் சொரிமுத்து. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் பிழைக்க வந்தவன். மண் அள்ளுவதும் நிரப்புவதும் என் காண்ட்ராக்ட். லீலாபாய், பூவாறு பக்கம் காயலுக்கு நடுவில் இருக்கிற சங்குத்துருத்துத் தீவுக்காரி. அங்கே முதலாளி விஜய்குமாருக்கு ஒரு பூச்சிமருந்துக் கிட்டங்கி இருந்தது. அவள் அதில் காலி டின் கழுவினாள். முதலில் கை நடுங்கியது, பிறகு மூச்சு முட்டியது, பிறகு போய்ச் சேர்ந்தாள். விஜய்குமார் துக்கம் கேட்க வந்தார். "பழைய மீன் ஏதாவது தின்னிருக்கும், வயித்துக்கு ஒத்துக்கிட்டிருக்காது" என்று சொல்லிவிட்டு, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே படகேறினார். அந்தக் கைக்குட்டையை நான் மறக்கவில்லை.

சில வருஷம் கழித்து, கிட்டங்கியை இடித்துவிட்டு அதே இடத்தில் ரிசார்ட் கட்ட வந்தார். விஷமண்ணை முழுக்கத் தோண்டி எடுத்துப் புதுமண் போட வேண்டும் என்பது சர்க்கார் உத்தரவு. அந்த வேலை எனக்கு வந்தது. நான் யார், லீலாபாய் யார் என்று அவருக்கு ஞாபகமே இல்லை. மேலாகச் சுரண்டிவிட்டுச் செம்மண்ணால் மூடச் சொன்னார். மூடினேன்.

ஊர்க்கூட்டத்தில் விஜய்குமார் எழுந்து, "மண்ணு கிளீனாக்கியாச்சு. உங்க ஆசாரத்துல ஞான் கை வைக்கமாட்டேன்" என்றார். என் கொழுந்தியாள் ரத்னாபாய் விடவில்லை.

"எங்க ஆசாரம் அறியாமோ முதலாளி? புதுசா எடம் எடுக்கறவன் இசக்கியம்மன் முத்தத்துல மண்சோறு உண்ணணும். இலை கூடாது. வெறுந்தரையில சோத்தைப் போட்டு உண்ணணும்."

"அதுக்கென்ன, உண்டாப் போச்சு" என்றார். போட்டோக்காரரையும் கூட்டிவருவதாகச் சொன்னார்.

தீவிலேயே சுத்தமான மண் அந்த முற்றம் மட்டும்தான். மேட்டுப்பக்கம், கிட்டங்கியைத் தொட்டு வருகிற மழைத்தண்ணீர்கூட அங்கே ஏறாது. அதைச் சமப்படுத்தும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். கிட்டங்கி இருந்த இடத்தில் டின்கள் உடைந்து மருந்து ஊறிக் கிடந்த அடிமண்ணை எடுத்து முற்றத்தில் பரப்பினேன். மேலே சாணம் மெழுகினேன். மஞ்சள்தண்ணீர் தெளித்து வேப்பிலை போட்டேன். அவர் சுத்தம் என்று சொன்ன மண்ணை அவருக்கே பரிமாறினேன். இதில் அநியாயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அவர் சப்பணமிட்டு உட்கார்ந்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து, போட்டோவுக்குச் சிரித்துச் சிரித்து உண்டார். விரல்கள் தரையை வழித்தன. எனக்கே வயிறு நிறைந்தது போலிருந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. முதலாளி உண்ட மிச்சம் அம்மன் பிரசாதம். ஊரே ஆளுக்கு ஒரு பிடி எடுக்கும், பிள்ளைகளுக்கும் ஊட்டும். எனக்கு அது தெரியும். பள்ளிக்கூடத்துக்கு இடம் எடுத்தபோது நானும் லீலாபாயும் வாங்கி உண்டிருக்கிறோம்.

ஜனங்கள் வரிசையில் நின்றபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவரைத்தான் முதலில் படகில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். பிழைத்திருப்பார். அதனால் ஓரமாக நின்றேன். ரத்னாபாய் தன் மகளுக்கு ஊட்டிவிட்டுத் தானும் உண்டாள். பிறகு எனக்கு ஒரு பிடி கொண்டுவந்தாள்.

"அத்தான், லீலா இருந்தா சந்தோஷப்பட்டிருப்பா" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பியதும் காயலில் போட்டேன்.

விஜய்குமார் அந்திக்குள் போய்விட்டார். ரத்னாபாய் மறுநாள் காலையில், அவள் மகள் அதற்கும் முன்னால். மொத்தம் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். நான் விசாரிக்கவில்லை, சார். எனக்கு வேண்டியது ஒரு பெயர்தான், அதைக் கேட்டதும் தூங்கப் போய்விட்டேன்.

விஜய்குமாரைக் கொன்றவன் நான். எங்கே சொன்னாலும் கையெழுத்துப் போடுகிறேன். மற்றவர்கள் அவருடைய விஷத்தால் செத்தவர்கள், லீலாபாயைப் போல. அதையெல்லாம் அவர் பெயரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.