சர்க்கரை நோயாளிகள் நலக்குழு

— ஏணியைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க டிரைவர் சார். அந்த போர்டைக் கழட்டணும்.

— பிடிக்க மாட்டேன் டீச்சரம்மா. பிடிச்சா ஏறுவீங்க. ஏறினா கழட்டுவீங்க.

— பிடிக்கலைன்னாலும் ஏறுவேன். அறுபத்து மூணு வயசு. விழுந்தா பழி உங்க மேல. சரியா?

— அட, இருங்க இருங்க. பிடிச்சாச்சு. ஆனா இந்த போர்டு உங்களை என்ன பண்ணுச்சு? "சர்க்கரை நோயாளிகள் நலக்குழு". எவ்வளவு மரியாதையா இருக்கு பாருங்க. ஏழு மாசமா இந்த மண்டபத்துல கூடுறோம். நீங்க யாரு, எதுக்கு உக்காந்து அழுறீங்கன்னு ஒருத்தன் கேட்டிருக்கானா?

— போன வாரம் மூணு பேர் வந்து, சக்கரை பார்க்கணும்னு விரலை நீட்டினாங்களே.

— அவங்க நெசமான சக்கரைக்காரங்க. அதுக்கு நாம என்ன பண்றது?

— மண்டபத்துக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பினது யாரு?

— நான்தான். அதுல "கூட்டத்தின் நோக்கம்"னு ஒரு கட்டம் போட்டிருந்தான். கட்டம் இத்துனூண்டு. நம்ம நோக்கம் அதுல அடங்குமா? "எங்க வீட்டுப் பையன் பையனை விரும்புறான், பொண்ணு பொண்ணை விரும்புறா, பெத்தவங்க நாங்க வட்டமா உக்காந்து மூக்கைச் சிந்திட்டு டீ குடிப்போம்"னு எழுதச் சொல்றீங்களா? அந்த மண்டபப் பொறுப்பாளர் வேற தலைக்கு மேல நின்னு பார்க்கிறாரு. எனக்குப் பேனா ஓடல. திரும்பிப் பார்த்தா நீங்க சக்கரை போடாத டீ குடிச்சுக்கிட்டிருந்தீங்க. எழுதிட்டேன்.

— எனக்கு டீயில இனிப்பு பிடிக்காது. அவ்வளவுதான்.

— அது அப்ப எனக்குத் தெரியாதே.

— அந்த மூணு பேர்ல ஒருத்தர் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தார், கவனிச்சீங்களா? கொஞ்சம் குண்டா இருப்பாரே.

— அவரா! போகும்போது என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. "சக்கரையைப் பத்தி யாருமே பேசல, ஆனா மனசு லேசா இருக்கு, அடுத்த வாரமும் வரலாமா"ன்னாரு. தாராளமா வாங்கன்னுட்டேன். அந்த ஆளுக்காகவாவது போர்டு இருக்கட்டுமே.

— அந்த ஸ்க்ரூ டிரைவரைக் குடுங்க.

— டீச்சரம்மா, பொறுப்பாளர் தெளிவா சொல்லிட்டாரு. பழைய போர்டு இருந்தா மண்டபம். நாம யாருன்னு சொல்ற புது பேனர் ஏறினா அடுத்த வாரத்துல இருந்து மண்டபம் கிடையாது. ரைட்டா? அவரே நமக்காகக் கண்ணை மூடிக்கிறேன்னு சொல்லும்போது நாம எதுக்கு வலியப் போய்த் திறந்து விடணும்?

— அவர் கண்ணை மூடிக்கிட்டு எனக்கு ஒண்ணும் ஆகப் போறதில்ல. மண்டபம் போனா மைதானத்துல உக்காருவோம். மழை பெஞ்சா குடை பிடிப்போம். கேளுங்க, இன்னிக்குப் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர் நேரம் குடுத்திருக்கார். பதினொரு வீட்டுக்காரங்க இந்தப் பேனரைப் பிடிச்சுக்கிட்டு நடந்து போகப் போறோம். போய் மனுவை நீட்டினா, கீழ "சர்க்கரை நோயாளிகள் நலக்குழு"ன்னு இருக்கணுமா? "சக்கரைக்கு மாத்திரை அந்தப் பக்கம்"னு கையைக் காட்டி விட்டுடுவார்.

— அதுவும் சரிதான்.

— என் பொண்ணு மூணு நாள் அந்த ஆஸ்பத்திரிப் படிக்கட்டுல உக்காந்திருந்தா டிரைவர் சார். பதினோரு வருஷமா அவகூட வாழுறவ உள்ள மூச்சுக்குத் திணறிக்கிட்டிருக்கா, இவ வெளிய ஜெனரேட்டர் பக்கத்துல. "நீங்க அவங்களுக்கு என்ன உறவு"ன்னு கேட்டாங்க. தோழின்னு சொன்னா. தோழிக்கு அனுமதி இல்லயாம். உள்ள இருக்கறவகூட ஒன்பது வருஷம் பேசாத அவ அண்ணன் ஒருத்தன் வந்தான். ரத்த உறவாம். உடனே பாஸ். அஞ்சு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு, வண்டியை எங்கயோ தப்பா நிறுத்திட்டேன்னு கிளம்பிப் போயிட்டான்.

— இதைச் சொன்ன அன்னிக்கு நான் அழுதேனே.

— உங்க அழுகை எனக்கு எதுக்கு? கையெழுத்து போடுங்க. "நோயாளி யாரைக் கைகாட்டுறாரோ அவங்கதான் உறவு"ன்னு பாரத்துல ஒரு வரி சேர்க்கச் சொல்றோம். பத்து வீட்டுக் கையெழுத்து ஆச்சு. உங்களது ஒண்ணுதான் பாக்கி.

— நான் நடந்து வரேன். முன்னாடியே நடந்து வரேன். சொன்னா வாயாலயே ஆரன் அடிச்சுக்கிட்டு வரேன். கையெழுத்து மட்டும் விட்டுடுங்க.

— டிப்போவுல தெரிஞ்சிடும்னு பயமா?

— அட, டிப்போவுல தெரிஞ்சு மூணு மாசம் ஆச்சு. கண்டக்டர் ஒருத்தன் என் பையனை வெச்சு ஒரு நையாண்டி பண்ணான். பஸ்ஸை ஓரம் கட்டிட்டேன். "நீ மன்னிப்பு கேக்குற வரைக்கும் இந்த வண்டி நகராது"ன்னேன். அறுபது பயணி உள்ள. எல்லாருக்கும் ஆபீஸுக்கு நேரமாச்சு. அவங்களே அவனை மன்னிப்பு கேக்க வெச்சிட்டாங்க. எனக்கு மெமோ குடுத்தாங்க, வாங்கி வெச்சிருக்கேன்.

— இவ்வளவு வீரம் இருக்கு. ஒரு பேனாவைப் பார்த்து ஏன் நடுங்கறீங்க?

— சிரிக்கக் கூடாது.

— சிரிக்க மாட்டேன்.

— என் பையன் எனக்குச் சக்கரைன்னு நினைச்சுக்கிட்டிருக்கான்.

— சிரிக்கலையே. இருமல். மேல சொல்லுங்க.

— எங்க அக்கா பையன் இந்த வாசல்ல நான் நுழையறதைப் பார்த்திருக்கான். போர்டைப் படிச்சிட்டு நேரா என் பையனுக்குப் போன் போட்டுட்டான். அன்னிக்குச் சாயங்காலம் என் போன் அடிக்குது. யாருன்னு பார்த்தா அவன். ரெண்டு வருஷம் கழிச்சு டீச்சரம்மா. ரெண்டு வருஷம்! எடுத்தா, நல்லா இருக்கீங்களான்னுகூடக் கேக்கல. "எவ்வளவு இருக்கு"ன்னான். என்னடா எவ்வளவுன்னேன். "சக்கரை"ன்னான். நான் என்ன கண்டேன்? வாயில என் பஸ் ரூட் நம்பர்தான் வந்துச்சு. நூத்தி நாப்பத்தெட்டு.

— பரவாயில்ல. நம்பற மாதிரி நம்பர்தான்.

— அன்னியில இருந்து தினமும் சாயங்காலம் அடிக்கிறான். நடந்தீங்களா, மாத்திரை போட்டீங்களா, கால் மரத்துப் போகுதான்னு. சக்கரை பார்க்கிற மிஷின் வாங்கி அனுப்பினான். இனிப்பில்லாத பிஸ்கட் அனுப்பினான். அட்டையைக் கடிச்ச மாதிரி இருக்கும். ஒண்ணு விடாம தின்னேன்.

— ஓஹோ.

— இந்த மனு நாளைக்குப் பேப்பர்ல வருமில்ல? அவன் பார்ப்பான். அப்பாவுக்கு நோயும் இல்ல ஒண்ணும் இல்லன்னு தெரியும். பொய்யும் போச்சு, போனும் போச்சு. நீங்களே சொல்லுங்க, டிக்கெட் எடுக்காதவனைக்கூட அடுத்த ஸ்டாப் வரைக்கும் கூட்டிட்டுப் போறவன் நான். பெத்த பிள்ளையை நட்ட நடு வழியில இறக்கி விட்டேன். அப்படிப்பட்டவனுக்குத் திரும்பக் கிடைச்சது இந்தச் சக்கரை ஒண்ணுதான். அதையும் கழட்டணுமா?

— கேளுங்க. முப்பத்தஞ்சு வருஷம் கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். கணக்கே போடாம பக்கத்துப் பையனைப் பார்த்து விடை எழுதறவனை எனக்கு மூஞ்சியைப் பார்த்தே தெரியும். உங்க மூஞ்சி இப்ப அப்படித்தான் இருக்கு. அவன் தினமும் பேசறது ஒரு நோயாளிகிட்ட. உங்ககிட்ட இல்ல.

— குரல் என்னுதுதானே டீச்சரம்மா. எனக்கு அது போதும்.

— அவனுக்குப் போதுமா? நீங்க ஏழு மாசமா இங்க வந்து உக்காந்திருக்கறது அவனுக்காகன்னு அவனுக்குத் தெரிய வேணாமா? போனை எடுங்க. பேப்பர்ல படிக்கறதுக்கு முன்னாடி உங்க வாயால கேக்கட்டும்.

— இப்பவா? அவன் சாயங்காலம்தான் அடிப்பான். காலையில தூங்குவான். இன்னிக்கு அவனுக்கு லீவு.

— மணி ஒன்பதரை. எழுப்புங்க. நான் வேணும்னா இந்த ஏணி மேலயே நிக்கிறேன், கேக்காத மாதிரி.

— என் போன்ல ஸ்பீக்கர்தான் வேலை செய்யும். இஞ்சின் பக்கத்துல உக்காந்து உக்காந்து காதும் போச்சு. ஊரே கேக்கும்.

— கேக்கட்டும்.

— அடிக்குது... எடுக்க மாட்டான் பாருங்க. எடுக்கல. வெச்சிடட்டுமா?

— அப்பா? என்னப்பா இந்த நேரத்துல? மயக்கமா? வேர்க்குதா? பக்கத்துல யாராவது இருக்காங்களா?

— இருக்காங்கடா. ஏணி மேல இருக்காங்க. எனக்கு ஒண்ணுமில்ல தம்பி. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். எனக்கு ஒண்ணுமே இல்ல.

— புரியலப்பா.

— சக்கரை இல்ல. எப்பவும் இருந்ததில்ல. அது சக்கரைக் கூட்டம் இல்ல. உன்னை மாதிரி பிள்ளைங்களைப் பெத்தவங்க கூட்டம். ஏழு மாசமா போறேன். பாரத்துல எழுதக் கை வரல, அதனால சக்கரைன்னு எழுதினேன். நீ போன் பண்ணப்ப அதையே பிடிச்சுக்கிட்டேன். பொய்தான். திட்டுறதுன்னா திட்டு... டேய், இருக்கியா?

— இருக்கேன்.

— ஏதாவது பேசு.

— நூத்தி நாப்பத்தெட்டு.

— என்னது?

— தினமும் நூத்தி நாப்பத்தெட்டு சொல்றீங்க. சாப்பாட்டுக்கு முன்னாடியும் அதுதான், பின்னாடியும் அதுதான். பாயசம் குடிச்ச அன்னிக்கும் அதுதான். அந்த பஸ்லதான்பா நான் பள்ளிக்கூடம் போனேன். ரெண்டாவது நாளே தெரிஞ்சு போச்சு.

— தெரிஞ்சும் அந்தப் பிஸ்கட்டை அனுப்பினியா?

— கொஞ்சமாவது தண்டனை வேணாமா?

— அடப்பாவி! நாலு பெட்டி தின்னேன்டா... அப்புறம் எதுக்குத் தினமும் போன் பண்ணே?

— நீங்க எடுத்தீங்க. அதனால பண்ணேன்.

— டிரைவர் சார், உக்காருங்க. அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காருங்க. ஏணியை விட்டாலும் பரவாயில்ல.

— உக்காந்துட்டேன். தம்பி, இவங்கதான் டீச்சரம்மா. இவங்களும் பெத்தவங்கதான்.

— வணக்கம்மா. அப்பா, நானும் ஒண்ணு சொல்லணும். மூணு வாரமா சொல்லணும்னுதான் போன் பண்றேன். நீங்க ரூட் நம்பரைச் சொல்லுவீங்க, நான் நடங்கப்பான்னு சொல்லிட்டு வெச்சிடுவேன்.

— சொல்லு. பிஸ்கட்டைவிட மோசமா இருக்காது.

— வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். பயப்படாதீங்க, குடலிறக்கம்தான். பீரோவை ஒத்தையா நகர்த்தினேன், இறங்கிடுச்சு. ஒரு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க.

— பீரோவை ஏன்டா ஒத்தையா நகர்த்தினே? ஆள் இல்லயா?

— ஆள் இருக்கான்பா. அவன் வேலைக்குப் போயிருந்தான்.

— அவன்னா?

— என்கூட இருக்கிறவன். ரெண்டு வருஷம் முன்னாடி நீங்க பேரைக்கூடச் சொல்ல விடலையே, அவன்தான். எல்லாப் பாரத்தையும் அவன்தான் நிரப்பினான். கடைசிப் பக்கத்துல மயக்க மருந்துக்கு ஒரு கையெழுத்து. ரத்த உறவுதான் போடணுமாம். அவன் போட்டா செல்லாதாம். மூணு தடவை போய் நின்னான். மூணு தடவையும் அதே பதில்.

— இங்கயும் அதேதான்டா. அதே பாரம்தான்.

— உங்களைக் கேக்கறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்குப்பா. ஒரே ஒரு கையெழுத்து. வந்து போட்டுட்டு நீங்க உடனே கிளம்பிடலாம். அவன் உங்க கண்ணுல படாத மாதிரிகூடப் பார்த்துக்கறேன்.

— டீச்சரம்மா, அந்த மனுவைக் குடுங்க. எந்த இடத்துல?

— பதினோராவது வரி. இங்க.

— பேரும் எழுதிட்டேன், யாரோட அப்பன்னும் எழுதிட்டேன். ரைட்டா? நீங்க போர்டைக் கழட்டுங்க. தம்பி, கேக்குதா? செவ்வாய்க்கிழமையே வண்டி ஏறிடறேன். இந்த மனுவுல ஒரு நகல் எடுத்துக்கிட்டு வரேன்.

— நகல் எதுக்குப்பா? அங்க போடுற ஒரு கையெழுத்து போதும்.

— அந்தக் கையெழுத்தை நான் போட மாட்டேன்டா. அதை அவன்தான் போடணும், போட விடற வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசலை விட்டு நகர மாட்டோம்னு சொல்றதுக்குத்தான் நான் வரேன்.