கிடா படுத்த இடம்

– மான் படுக்கைன்னா எப்படி இருக்கும் வெர்லின், மெத்தை தலையணையோடயா? எனக்குத் தெரியறதெல்லாம் காஞ்ச இலையும் பாதி உருகின பனியும்தான்.

– பனியிலதான் பாக்கணும் டார்லா. முட்டை வடிவத்துல ஒரு பள்ளம் இருக்கும். மானோட உடம்புச் சூட்டுல உருகி, அப்புறம் உறைஞ்சு போயிருக்கும். பொத்தானை அமுக்கிட்டே பேசு, இங்க வண்டியில வாக்கி-டாக்கியில பாதி வார்த்தை வர மாட்டேங்குது.

– இருபத்திரண்டு வருஷமா ஸ்கூல் பஸ் ஓட்டறேன். பொத்தானை அமுக்க நீ எனக்குச் சொல்லித் தர்றியா, துரை? மூச்சு வாங்குது, அதான். விஸ்கான்சின்ல இருக்கற முள்ளெல்லாம் என் பேன்ட்டுலதான் ஒட்டியிருக்கு. இந்த மலையை நீ வருஷா வருஷம் எப்படித்தான் ஏறினியோ.

– ரெண்டு காலோட ஏறினேன்.

– சரி, சரி. எந்தப் பக்கம் போகணும்?

– பாதை ரெண்டாப் பிரியும். இடது பக்கம் போ. இடி விழுந்து பிளந்த ஓக் மரம் ஒண்ணு வரும்.

– வந்துடுச்சு. இரு, இரு. இங்க பள்ளம் இருக்கு! ஒண்ணு இல்ல, அஞ்சு. கிட்டக் கிட்ட.

– பெருசா, சின்னதா?

– ரெண்டு பெருசு, மூணு சின்னது.

– எல்லாம் ஒரே பக்கம் பாத்தா படுத்திருக்கு?

– எனக்கெப்படித் தெரியும், மூஞ்சியா பதிஞ்சிருக்கு?

– முதுகுப் பக்கம் வழவழன்னு வளைஞ்சிருக்கும். முழங்கால் ஊனின பக்கம் ஒடுங்கியிருக்கும்.

– ஓ. அப்படிப் பாத்தா ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கு.

– பெட்டையும் குட்டிகளும். குடும்பம். ஒவ்வொண்ணும் ஒரு திசையைப் பாத்துக்கும். கிடா மான் அங்க படுக்காது, அது தனியாத்தான். இன்னும் மேல ஏறு.

– இன்னும் மேலயா!

– உச்சிக்குப் போக வேண்டாம். அதுக்குக் கொஞ்சம் கீழ, மலை மூக்கு மாதிரி நீட்டிட்டிருக்கும் பாரு, அங்க. வடமேற்குக் காத்து மலையைத் தாண்டி அது முதுகுல படணும். பின்னாடி வர்றவனை மூக்கு பாத்துக்கும், முன்னாடி வர்றவனைக் கண்ணு பாத்துக்கும்.

– எங்க ஹெட்மாஸ்டருக்குக்கூட இவ்வளவு விவரம் கிடையாது. ஏன் வெர்லின், இது மார்ச்சு. வேட்டை நவம்பர்ல. இப்ப எதுக்கு இந்தப் பாடு?

– இப்பத்தான் போகணும். இலை இல்ல, போன வருஷத் தடம் எல்லாம் தெரியும். இப்ப நீ மிதிச்சாலும் நவம்பருக்குள்ள அது மறந்துடும். அக்டோபர்ல போய் மிதிச்சா, அந்த வருஷம் பூரா அந்தப் பக்கம் திரும்பாது.

– நான் அதைக் கேக்கல. மலையைத்தான் உன் சித்தப்பா மகனுக்கு விட்டுட்டியே. ஆர்வில்கிட்ட கேட் சாவியைக் கொடுத்தாச்சு, துப்பாக்கியைக் கொடுத்தாச்சு. நாளைக்கு வந்து நீ உக்காந்து வேட்டையாடின பரணைக் கழட்டி அவனுக்குப் பிடிச்ச இடத்துல கட்டிக்கப் போறான். இனிமே கிடா எங்க படுத்தா உனக்கென்ன?

– அஞ்சு நவம்பர், டார்லா. அந்த ஒரே கிடாவுக்காக அஞ்சு நவம்பர் உக்காந்தேன். காலு போன பிறகு போன நவம்பர்ல வீட்டு ஜன்னல்கிட்ட உக்காந்தேன். மரத்துல கட்டின கேமராவுல இருட்டின பிறகுதான் வரும், ஜனவரியிலகூட வந்துச்சு. பகல் பூரா எங்கதான் கிடக்குன்னு ஒரு தடவை தெரிஞ்சாப் போதும். அப்புறம் ஆர்வில் சுடட்டும், எவன் வேணா சுடட்டும்.

– பேச்சுதான். சாவியைக் கொடுத்த அன்னிக்கு நீ சாப்பிடவே இல்ல.

– நீ மலையைப் பாரு.

– பாத்துட்டுத்தான் இருக்கேன். இங்க ஒரு தேவதாரு, என் தொடை தடிமன் இருக்கும். யாரோ உளி வெச்சுச் சீவின மாதிரி பட்டை உரிஞ்சிருக்கு.

– கொம்பு உரசினது! எந்தப் பக்கம் உரிஞ்சிருக்கு?

– மேட்டுப் பக்கம்.

– அப்ப படுக்கையை விட்டு இறங்கி வரும்போது உரசியிருக்கு. நேரா மேல போ. மெதுவா.

– மெதுவாத்தான் போக முடியும். இரு... வெர்லின். இருக்கு.

– என்ன இருக்கு?

– விழுந்த மரத்துக்கு முதுகைக் கொடுத்து ஒண்ணே ஒண்ணு. பனியே இல்ல, மண்ணு தேஞ்சு குழியா இருக்கு. நாலடி நீளம் வரும். முடி கிடக்கு. புழுக்கை தனித்தனியா இல்ல, கட்டி கட்டியா.

– ஒண்ணே ஒண்ணுதானே? பக்கத்துல வேற இல்லையே?

– இல்ல. ஒத்தை ஆளு.

– ம்.

– வெர்லின்? அழறியா?

– காபி புரையேறிடுச்சு. டார்லா, அதுல படு.

– என்னது?

– அந்தக் குழியிலயே படு. அது தலையைத் தூக்கினா எந்த உயரம் வருமோ அந்த உயரத்துல உன் தலையை வெச்சுக்கோ. என்ன தெரியுதுன்னு சொல்லு.

– அம்பத்தெட்டு வயசுல பொண்டாட்டியை மான் படுக்கையில படுக்கச் சொல்ற மனுஷன் இந்த ஊர்லயே நீ ஒருத்தன்தான்... சரி, படுத்தாச்சு. பின்பக்கமெல்லாம் ஈரம்.

– என்ன தெரியுது?

– அடேயப்பா.

– சொல்லேன்!

– எல்லாம் தெரியுது. சோளக்கொல்லை, ஓடை, ரோட்டு வளைவு, நம்ம தபால் பெட்டி. உன் வண்டி.

– வண்டி தெரியுதா?

– கண்ணாடியைப் பாதி இறக்கி விட்டிருக்க. பைனாகுலரை எடுக்கறேன், இரு. கையில என்ன வெச்சிருக்க?

– வாக்கி-டாக்கி.

– இன்னொரு கையில.

– இன்னொரு கையில ஒண்ணும் இல்லையே.

– சர்க்கரை தூவின டோனட்டு. மீசையெல்லாம் வெள்ளை.

– பனி.

– வண்டிக்குள்ளயா பனி பெய்யுது? ஒரு காலை இந்தச் சர்க்கரைக்குக் கொடுத்தது பத்தாதா, வெர்லின்? ஆஸ்பத்திரியில அந்த நர்ஸ் பொண்ணு சொன்னப்ப தலையைத் தலையை ஆட்டினியே. மிச்சம் இருக்கற காலையும் கொடுத்துட்டு என்ன பண்ணப் போற? தூக்கி வெளிய போடு. நான் பாத்துட்டிருக்கேன். பையோட போடு.

– போட்டுட்டேன்.

– இனிமே கடையில அதை வாங்கினேன்னு கேள்விப்பட்டேன்...

– போட்டுட்டேன்னு சொல்றேன்ல. டார்லா, கால் மைல் இருக்கும் அங்கிருந்து. என் மீசை வரைக்கும் தெரியுதா?

– பைனாகுலர்ல தெரியுது. வெறுங்கண்ணுக்கு நீ கையை அசைக்கறது தெரியுது.

– கிடாவுக்கு அது போதும். கதவைச் சாத்தற சத்தம் காதுக்குப் போயிடும். விடியறதுக்கு முன்னாடியே வந்து அது படுத்துடும். அப்புறம்தான் நான் வருவேன். இதே இடத்துல நிறுத்தி, இறங்கி, கதவைச் சாத்தி, பரணுக்கு நடந்து...

– பரணும் தெரியுது. நீ போட்ட சிவப்பு மெத்தைகூட.

– அப்ப அஞ்சு வருஷமா அது என்னைப் பாத்துட்டே படுத்திருக்கு.

– சிரிக்கறியா?

– வேற என்ன பண்றது? நான்தான் அதை வேவு பாக்கறேன்னு நெனச்சுட்டிருந்தேன்.

– பாத்துட்டு ஏன் ஓடல அது?

– எதுக்கு ஓடணும்? நான் எங்க இருக்கேன்னுதான் தெரியுதே. கண்ணு முன்னாடி இருக்கறவனைப் பாத்து கிடா பயப்படாது. நான் மறைஞ்சாத்தான் சந்தேகம் வரும், எழுந்து நழுவும்.

– நீ மறையாம அங்கேயே உக்காந்திருந்தா?

– அதுவும் அங்கேயே கிடக்கும். நாள் பூரா.

– ம். வெர்லின், எனக்கு இடது பக்கம் ஒரு பள்ளம் இறங்குது. ஓடை வரைக்கும் போகுது போல. அது வழியா ஒருத்தன் ஏறி வந்தா?

– எவ்வளவு தள்ளி?

– பஸ் நீளத்துக்கு நாலு பஸ்.

– பள்ளம் ஆளை மறைச்சுடும். காத்தும் குறுக்கத்தான் போகும், மூக்குக்கு வராது. அடக் கடவுளே. அதான் வழி! இத்தனை வருஷம் முன்னாடியிருந்தே போயிட்டிருந்தேனே. ஆர்வில்கிட்ட சொல்லணும், நவம்பர் முதல் நாளே முடிச்சுடுவான்.

– சொல்லாத.

– என்ன சொல்லாத?

– ஆர்வில்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாத. அவன் பள்ளத்துல ஏறும்போதே ஏப்பம் விடுவான், மலை பூரா கேக்கும்.

– அப்புறம் யாருக்குத்தான் சொல்றது? நான் என்ன, தவழ்ந்தா ஏற முடியும்? கொடுத்தது கொடுத்ததுதான், டார்லா. என் வேட்டை முடிஞ்சு போச்சு. எறங்கி வா, குளிரப் போகுது.

– வர்றேன். ஆனா நான் வந்ததும் நீ முதல்ல ஆர்வில் வீட்டுக்கு வண்டியை விடு, துப்பாக்கியைத் திருப்பி வாங்கணும். நவம்பர்ல நீ இதே இடத்துல நிறுத்தி, கதவை நல்லா சத்தமாச் சாத்திட்டு உக்காரு. அது உன்னையே பாத்துட்டுக் கிடக்கட்டும். பள்ளம் வழியா நான் ஏறி வர்றேன்.