துளிர்த்த போத்து

கல்யாண முருங்கைப் போத்து ஒன்று மண்ணில் இறங்கித் துளிர்விடப் பதினெட்டு நாள் ஆகும். போத்து என்பது நடுவதற்காகக் கைப் பருமனில் வெட்டிய கிளை. மழை பிடித்துக்கொண்டால் இன்னும் முன்னதாகவே துளிர்க்கும்.

ஐயா, என் அத்தை முத்தாயம்மாள் மருமகளைக் கிணற்றில் தள்ளினாரா என்று கேட்டீர்கள். நான் போத்திலிருந்துதான் தொடங்க முடியும்.

சென்னையில் தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கி எங்கள் ஊருக்குத் திரும்பியபோது எனக்குச் செடிகளின் பெயர்கள் தெரிந்திருந்தன. ஒரு குச்சியைக்கூட நட்டதில்லை. வெற்றிலைக் கொடி நட்டே பிழைக்கிற ஊர். கேட்டால் சிரிப்பார்கள் என்ற கூச்சத்தில் யாரையும் கேட்கவில்லை. உடைந்த பானையில் ஆற்று மணலைக் கொட்டி, குரோட்டன்ஸ் குச்சிகளை வைத்துப் பழகினேன். சத்து என்று நினைத்து, சோறு வடித்த கஞ்சியை ஆறுவதற்குள் ஊற்றிவிட்டேன். குச்சிகள் பச்சையாகவே நின்றன. துளிர்கூட விட்டன. பிறகு ஒவ்வொன்றாகச் சுருண்டன. பிடுங்கிப் பட்டையை உரித்தேன். அடிப்பக்கம் வெந்து பழுப்பாக இருந்தது. ஒரு வேர்கூட இல்லை. குச்சிக்குள் மிச்சமிருக்கும் உணவிலேயே துளிர் வந்துவிடும் என்று படித்திருந்தேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அடுத்த தடவை வைத்தவை எல்லாம் பிடித்தன. எனக்குக் கைராசி என்று தெருவில் பேச்சாயிற்று.

பானையருகே உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்தவள் ராசாத்தி, என் சித்தப்பா மகள். ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம். அத்தை மகன் குழந்தைவேல் எனக்குத்தான் என்று சின்ன வயதிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவர் எதிரில் வந்தால் எனக்குப் பேச்சு வராது. ஆகவே என் சம்மதத்தை ராசாத்தியிடம் சொல்லி அனுப்பினேன். அவள் போய்விட்டு வந்தாள். ஐப்பசியில் அவருக்கும் அவளுக்கும் கல்யாணம் என்றார்கள். படித்த பெண் அவர்களுக்குப் பிடிக்கவில்லை போலும் என்று இருந்துவிட்டேன்.

கல்யாணம் அத்தை வீட்டுப் பந்தலில் நடந்தது. தாலி கட்டி முடிந்தபின், நான் பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த இடத்துக்குக் குழந்தைவேல் வந்தார்.

"பட்டணத்துலயே இருந்துக்கறன்னு சொல்லிப்போட்டயாமா. ராசாத்தி வந்து சொன்னன்னைக்கு எனக்குச் சோறே எறங்கல புள்ளை," என்றார்.

நான் அடுத்த இலையைத் துடைத்துப் போட்டேன்.

மணமேடையில் நட்ட போத்தைச் சடங்கு முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டுக் கொல்லையில் நடுவது எங்கள் வழக்கம். அது தழைத்தால் குடும்பம் தழைக்கும் என்பார்கள். அத்தை அதை என் கையில் கொடுத்தார்.

"காலேசு படிச்ச கையி. இது நட்டா குச்சியே பரிச்சை பாஸ் பண்ணிப்போடும்," என்றதும் பெண்கள் சிரித்தார்கள். ராசாத்தியும் சிரித்தாள்.

சமையல் கொட்டகை வழியாக எடுத்துப் போய்க் கிணற்றடியில் நட்டேன். தலைகீழாக நட்டுவிட்டேன் என்று யாராவது சொல்லியிருந்தால் அது பொய். நேராகத்தான் நட்டேன். ஆழமும் சரி, மண்ணும் சரி.

சொன்ன நாளில் துளிர்த்தது. அத்தை அதற்கு மஞ்சள் பூசினார். அந்த நேரத்தில் ராசாத்திக்கும் நாள் தள்ளிப்போயிற்று. தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தது.

கார்த்திகையில் துளிர் சுருண்டது. ராசாத்தி வேளைக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினாளாம். குச்சி காய்ந்தபின் அத்தை அவள் கையால் விளக்கேற்ற விடவில்லை; அவள் ஊற்றிய சோற்றைத் தொடவில்லை. அத்தை செய்தது அவ்வளவுதான். அவர் நம்புகிறவர்.

மார்கழியில் ஒரு மத்தியானம் ராசாத்தி என்னிடம் வந்தாள். குரோட்டன்ஸ் பானையருகே, பழைய இடத்திலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, நீ மாட்டேன்னு சொன்னதா நாந்தான் பொய் சொன்னேன். அதுக்குத்தான் போத்து பட்டுப்போச்சு. வயித்துல இருக்கறதும் தங்காதுங்கறாங்க அத்தை. நெசமா அக்கா? நீ படிச்சவ. நீ இல்லைன்னு சொன்னா நான் நம்பிக்கறேன்."

அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை. நான் சகுனத்தை நம்புகிறவள் அல்ல, ஐயா. அவள் நம்புவாள் என்பது எனக்குத் தெரியும்.

"செடிக்குப் பொய் தெரியும் ராசாத்தி," என்றேன்.

அவள் பானை மணலில் உதிர்ந்து கிடந்த ஓர் இலையைப் பொறுக்கி வெளியே போட்டுவிட்டு எழுந்து போனாள். பொழுது சாய்வதற்குள் அவளைக் கிணற்றிலிருந்து எடுத்தார்கள்.

அத்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவர் தள்ளவில்லை. நானும் தள்ளவில்லை, அன்று நான் கிணற்றுப் பக்கமே போகவில்லை. ராசாத்தி எனக்குச் செய்ததற்கு நான் அவள்மேல் ஒரு விரல்கூட வைத்ததில்லை. நான் தொட்டது ஒரு குச்சியை மட்டும்தான். கொட்டகையில் கல்யாணச் சோறு வடித்த கஞ்சி ஆவி பறக்க இருந்தது. நடுவதற்கு முன்னால் போத்தின் அடியை அதில் முக்கி, உள்ளே வேகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.