மீட்டருக்குச் சந்தனம்

இந்தத் தேநீருக்குச் சீனி காணாது, தங்கச்சி, பரவாயில்லை. நான் தமிழிலேயே சொல்கிறேன், நீங்கள் இந்தப் பொலிஸ்காரருக்கு ஆறுதலாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள்.

பாபகூரா என்ற ஊருக்கு வெளியே எங்கள் கொட்டகை. சதுப்பு நிலத்தில் வெட்டிவரும் பீட் மண்ணை உலர்த்தி, உலையில் வாட்டி, வீட்டு அடுப்புக்கு வரும் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றாக ஒன்றைத் தயாரித்துப் பார்த்துக்கொண்டிருந்தோம். நடுவில் பிறக்கும் வாயு ஒன்றுக்கு மணமே கிடையாது. மூச்சில் ஏறினால் ஆள் சரிந்துவிடுவான். அந்த வாயு இருந்தால் கத்திக் காட்டும் மீட்டர் கையில் இல்லாமல் உலை அறைக்குள் போகக் கூடாது. மீட்டர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

என் தம்பி றொய்ஸ்டனும் அங்கேதான் வேலை. 1995 குளிர்காலத்தில், முதலாளி பழனிவேல் யாருக்கோ காட்டுவதற்கு மீட்டரை நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஆல்பனிக்குக் கொண்டுபோய்விட்டார். அங்கிருந்து போன் பண்ணி, "உள்ள போய் வால்வைப் பாருப்பா, ஒண்ணும் ஆகாது" என்றார். தம்பி என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனான். உயிரோடு திரும்பி வரவில்லை.

விசாரணையில் பழனிவேல், மீட்டர் மேசையில்தான் இருந்தது, பையன் அசட்டையாகப் போய்விட்டான் என்றார். நான் மறுத்தேன், செத்த தம்பிக்காகப் பொய் சொல்கிறேன் என்றார்கள். அந்தத் தீர்ப்பை அம்மாவுக்கு வாசித்துக் காட்டியவன் நான். அன்றிலிருந்து அந்த மனிதரை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. ஆனாலும் தினமும் வணக்கம் சொன்னேன்.

அடுத்த வருடம் ஆயுத பூசை வந்தது. கருவிகளையெல்லாம் சரஸ்வதி படத்தின் முன்னால் வைத்து, மறுநாள் வரை பழனிவேல் யாரையும் தொட விடமாட்டார். நான் மாதா கோயிலுக்குப் போகும் வேதக்காரன், ஆனாலும் பூவும் பழமும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

"மீட்டரையும் வைப்பமே, சேர்?"

"அட, அதுவும் ஆயுதம்தானே. வைங்க சில்வெஸ்ரர்." அவருக்கு ஒரே சந்தோசம்.

மீட்டருக்குச் சந்தனம் பூசியதும் நான்தான். உலையை ஒரு நாளுக்காக அணைப்பதில்லை. அதன் குழாய் இணைப்பு ஒன்றைக் காலையிலேயே தளர்த்தி வைத்திருந்தேன். பூசை முடிந்ததும் உலைக்குப் பொட்டு வைக்க அவர் குங்குமக் கிண்ணத்துடன் உள்ளே போனார். நான் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். இனி அவரையும் அசட்டை என்றுதான் எழுதுவார்கள் என்று நினைக்க மனம் நிறைந்தது.

சுந்தரி அக்காவைப் பற்றி இந்தப் பொலிஸ்காரர் திரும்பத் திரும்பக் கேட்கிறார். பழனிவேலின் மனைவி. தம்பியின் செத்தவீட்டில் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதவர். அன்று நான் கதவைச் சாத்திய சற்று நேரத்தில் பூசைச் சுண்டலோடு வந்து, "அவரு எங்க?" என்று கேட்டார்.

"உள்ளுக்கு நிக்கிறார், அக்கா."

அவருடைய இரண்டு கையிலும் பாத்திரம் இருந்தது. அதனால் கதவை நான் திறந்துவிட்டேன். அவரும் உள்ளே போய்ச் சரிந்தார். அப்படியே எழுதச் சொல்லுங்கள், தங்கச்சி: புருசனை நான் கொன்றேன், அந்த மனுசிக்கு உதவிதான் செய்தேன்.